பொருள்: எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரியை மாற்றித் தராமல் அலைக்கழிப்பது குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஆப்பில் டிக்கெட் போட்டு, சர்வீஸ் சென்டருக்கு வண்டியோடும் வண்டி இல்லாமலும் அலைந்து ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். நேற்று மாலை "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் என் வண்டி பல்லாவரத்தில் ரோட்டோரம் நின்றிருந்தது, பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். எதைப் பார்த்துத் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்தீர்கள்?

என் வீடு ஊரப்பாக்கத்தில், வேலை கிண்டி தொழிற்பேட்டையில். ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் போய்வர ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று லோன் போட்டு 2025 பிப்ரவரியில் உங்கள் வண்டியை எடுத்தேன். முதல் சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வண்டிக்கு அந்த சாஃப்ட்வேர் அப்டேட் வந்ததே, அதற்குப் பிறகுதான் எல்லாம். காலையில் நூறு சதவீதம் காட்டும். தாம்பரம் தாண்டும்போது எழுபது. குரோம்பேட்டை வரும்போது நாற்பதுக்குப் பக்கம். அப்புறம் ஒரு சிக்னலில் நின்று கிளப்பினால் நேராக ஒன்பது, ஆமை சின்னம் வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் வண்டி இருபது, இருபத்தைந்தைத் தாண்டாது. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது அந்த வேகத்தில் ஓரம் கட்டுவது எப்படி இருக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது அந்த ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போய்வருகிறேன்.

கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டு ஆன் செய்தால் அதே வண்டி இருபத்தைந்து சதவீதம் காட்டுகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று வண்டியைச் செய்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? பேட்டரி பேக்கில் ஒரு செல் வரிசை மட்டும் பலவீனமாகிவிட்டது. முறுக்கி லோடு கொடுத்ததும் அந்த வரிசையின் வோல்டேஜ் சரிகிறது, பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் அதைப் பார்த்து மொத்த வண்டியின் பவரையும் குறைக்கிறது. லோடு போனதும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறிக்கொள்கிறது. மற்ற செல்கள் எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. உங்கள் சென்டரிலோ ஒவ்வொரு தடவையும் "பேட்டரி ஹெல்த் தொண்ணூறுக்கு மேல இருக்கு மேடம், வாரண்டியில வராது" என்கிறார்கள். நான் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். ஒரு பெட்டி உதிரிபாகத்தில் சராசரி அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக அளவு தப்பிய ஒன்றையும் சேர்த்து நாங்கள் பாஸ் செய்து அனுப்புவதில்லை. ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாக எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இன்றுவரை அந்த ஒரு தாள் கைக்கு வரவில்லை.

இதைத்தான் உங்கள் சூப்பர்வைசரிடமும் கேட்டேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, ஜாப் கார்டில் அவர் கையெழுத்து இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் மேடம், உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட பேசிக்கிறோம்" என்றார். சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். லோன் என் பேரில், ஆர்சி என் பேரில். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியத்துக்காக ஷோரூமில் என் முகத்தைத்தான் படமெடுத்து, என் ஆதாரைத்தான் சரிபார்த்து, இ-வவுச்சரில் என் கையெழுத்தைத்தான் வாங்கினீர்கள். அப்போது யாரும் என் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. விற்கும்போது தேவைப்படாத ஆள் வண்டி கெட்டுப்போனதும் எதற்கு?

சரி, மரியாதையோடு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால் பேட்டரி ஆள் இருப்பார், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் ஆட்களே போன் செய்து சொன்னார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன். வழியில் ஆமை வந்து, கடைசித் தூரம் முழுக்க அந்த வண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். நூறு கிலோவுக்கு மேல் எடை என்பது உங்களுக்குத் தெரியும். போனால் பேட்டரி ஆள் வேறு பிராஞ்சில் இருக்கிறாராம், டயக்னாஸ்டிக் லேப்டாப்பையும் கொண்டுபோய்விட்டாராம். மதியம் வருவார் என்றார்கள். மூன்று மணிக்கு, "இன்னைக்கு வர மாட்டார், வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார்கள். உட்கார நாற்காலி இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. வண்டியை விட்டுவிட்டு வந்தேன். நாள் கணக்காக வைத்திருந்து, தண்ணீர் அடித்துக் கழுவி, "சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் அதே குரோம்பேட்டை, அதே ஆமை. ஒரு போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த லீவாவது மிஞ்சியிருக்கும்.

காரணங்கள் மட்டும் போகும்போதெல்லாம் மாறுகின்றன. வீட்டு பிளக்கில் எர்த் சரியில்லை என்றார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்துச் சோதித்தேன், எர்த் சரியாகவே இருக்கிறது. எக்கோ மோடில் ஓட்டுங்கள் என்றார்கள். எக்கோவில்தான் ஓட்டுகிறேன். டயரில் காற்று குறைவு என்றார்கள். மழையில் ஓட்டினீர்களா என்று அந்தச் சூப்பர்வைசர் விசாரணை மாதிரி கேட்டார். பேட்டரி ஐபி67 என்று உங்கள் விளம்பரத்திலேயே போட்டிருக்கிறீர்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் முப்பது நிமிஷம் மூழ்கினாலும் உள்ளே தண்ணீர் போகாது என்பதுதானே அதற்கு அர்த்தம்? ஐப்பசி, கார்த்திகையில் மழையில் நனையாமல் சென்னையில் யாரால் வேலைக்குப் போக முடியும்? நீங்கள் சொன்ன சான்றிதழ் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், ஆய்வகத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி அளந்த கணக்கு, ரோட்டில் அவ்வளவு கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். அதில் பாதி கொடுத்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

இதனால் எனக்கு ஆன நஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. லேட்டானால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் போனது. வண்டியை டாடா ஏஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர நான் கொடுத்த பணத்தில் ஒரு புது பேட்டரியே வாங்கியிருக்கலாம். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இலவசம் என்றீர்களே, கூப்பிட்டால் "உங்க ஏரியாவுல இப்ப வண்டி இல்ல" என்பதுதான் பதில். இப்போது பல நாள் ரயிலில்தான் போகிறேன். தாம்பரத்திலிருந்து கிடைக்கிற அளவுக்கு ஊரப்பாக்கத்திலிருந்து ரயில் கிடையாது, ஒன்றை விட்டால் ஷிப்ட் போச்சு. ஓடாத வண்டிக்கு மாதாமாதம் ஈஎம்ஐ மட்டும் தவறாமல் போகிறது. இந்த வண்டியால் என் ஒரு வருஷ உழைப்பே போய்விட்டது, வேலையும் போய்விடும்போல இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பேட்டரி பேக்கை வாரண்டியில் முழுசாக மாற்றிக் கொடுங்கள், பழைய பேக்கை ரிப்பேர் செய்து மாட்ட வேண்டாம். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜோடு பிஎம்எஸ் ரிப்போர்ட் என் கையில் வேண்டும். டாடா ஏஸ் செலவும் சம்பள இழப்பும் திரும்ப வேண்டும். அந்தச் சூப்பர்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் நான் இறங்கி வர மாட்டேன். உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருப்பதால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. எந்த செல் கெட்டிருக்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஆய்வகம் சொல்லட்டும். ஆணையத்திலும் நான்தான் வந்து நிற்பேன், என் வீட்டுக்காரர் இல்லை.

தயவுசெய்து அந்த நிலைக்கு விட்டுவிடாதீர்கள். பில், வாரண்டி கார்டு, ஜாப் கார்டு நகல்கள், ஆமை சின்னத்தோடு டிஸ்ப்ளேவை எடுத்த போட்டோக்கள், எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த ரசீது எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். போனில் பேச வேண்டாம், பதில் எழுத்தில் வேண்டும். வண்டியை எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள், இனிமேல் போட என்னிடம் லீவு இல்லை.

இப்படிக்கு,
ஊரப்பாக்கத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்