மூத்தவர் யார் என்பதை விதியில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

புதிய மக்களவை தன் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கும் வரை அவையை நடத்தும் தற்காலிக சபாநாயகராக, மூத்த உறுப்பினரை நியமிக்கும் மரபு குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். 2024-இல் எட்டாவது முறை வென்றிருந்த காங்கிரஸ் உறுப்பினர் கொடிக்குன்னில் சுரேஷை விட்டுவிட்டு, தொடர்ந்து ஏழு முறை வென்ற பாஜக உறுப்பினர் பர்த்ருஹரி மஹ்தாப் நியமிக்கப்பட்டார். மொத்த முறைதான் கணக்கு என்றது எதிர்க்கட்சி, தொடர்ச்சிதான் முக்கியம் என்றது அரசு. இரண்டிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அளவுகோல் எது என்று தேர்தல் முடிந்த பிறகு வாதாடுவது அவைக்கு அழகல்ல. அரசமைப்பின் 95-ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர் ஓர் உறுப்பினரை நியமிக்கலாம் என்கிறதே தவிர, மூத்தவர் என்று சொல்லவில்லை. புதிய உறுப்பினர்கள் உறுதிமொழி எடுப்பது தற்காலிக சபாநாயகர் முன்னிலையில்தான். அந்த நாற்காலியில் கட்சிச் சாயம் படியவே கூடாது.

பிரிட்டனில் இடைவெளியின்றி நீண்டகாலம் உறுப்பினராக இருப்பவரே 'அவையின் தந்தை'. சபாநாயகர் தேர்தலை அவர்தான் நடத்துவார். எங்கள் குடியிருப்போர் சங்கத்திலும் மூத்தவர் தலைமை தாங்குவது என்ற எழுதாத வழக்கம் ஒருமுறை பெரிய சண்டையில் முடிந்தது. துணைவிதியில் ஒரு வரி சேர்த்ததும் அடங்கியது. மக்களவையும் அப்படி ஒரு வரியை எழுதி வைக்கட்டும். அதையும் அடுத்த பொதுத்தேர்தலுக்கு முன்பே, யார் வெல்வார் என்று தெரியாத நேரத்திலேயே, செய்ய வேண்டும்.