அபே ரோட்டிலிருந்து அப்பாவுக்கு

லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா என்பதை அறிய ஆவல். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, இரவு வேலை முடிந்து அறைக்கு வந்தபின் பொழுதை எப்படிப் போக்குகிறாய் என்று கேட்டீர்கள். மூன்று மாதமாக ஒரே இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், பையனுக்கு என்ன ஆயிற்றோ என்று அம்மா கவலைப்படுவாள் என நினைத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். முப்பது வருடம் டேப் ரெக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்த உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை.

அந்தத் தட்டின் பெயர் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழு 1973 மார்ச் மாதம் வெளியிட்டது. என்னோடு காவல் வேலை பார்த்த பெரியவர் ஓய்வு பெற்றுப் போகும்போது, தம்முடைய பழைய ரெக்கார்டு பிளேயரையும் இந்தத் தட்டையும் என் கையில் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சாகக் கேள் என்று சொன்னார். அப்படியே கேட்டேன். இருட்டில் ஓர் இதயத் துடிப்பு மெல்ல எழுந்து வந்தது. நாற்பத்து மூன்று நிமிடம் கழித்து அதே துடிப்பு தேய்ந்து அடங்கியது. இடையில் என்ன நடந்தது என்பதை முதல் தடவையிலேயே புரிந்துகொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்ட அந்த ஒரு கணம் தவிர, இருந்த இடத்தைவிட்டு நான் அசையவே இல்லை.

இது பதிவான ஸ்டூடியோ இதே ஊரில், செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியிலுள்ள அபே ரோட்டில் இருக்கிறது. ஒருநாள் காலை வேலை முடிந்த கையோடு போய்ப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த பழைய வீடு, அவ்வளவுதான். முன்சுவர் முழுக்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் எழுதிவைத்த பெயர்கள். அங்கேதான் 1972 நடுப்பகுதியிலிருந்து அடுத்த ஆண்டின் தொடக்கம்வரை, கச்சேரிப் பயணங்களுக்கு நடுவே வந்து வந்து, பதினாறு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதியும் 16 டிராக் டேப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாமே கைவேலை. ஆலன் பார்சன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர், பழைய கடிகாரங்கள் விற்கும் கடைக்குப் போய் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். அவையெல்லாம் ஒரே சமயத்தில் அடிக்கும் சத்தத்தோடுதான் 'டைம்' என்ற பாட்டு தொடங்குகிறது. அறைச் சுவர்களே மணி அடிப்பதுபோல் இருக்கும்.

உங்களை நான் அதிகமாக நினைத்தது 'மணி' என்ற பாட்டில்தான். இது ஆங்கில 'மணி', பணத்தைப் பற்றியது. குழுவில் பேஸ் கிதார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ், மட்பாண்டம் செய்யும் தம் மனைவி களிமண் பிசையும் பெரிய கிண்ணத்தில் சில்லறைக் காசுகளை வீசி எறிந்து, அந்த ஓசையைப் பதிவு செய்தார். அதோடு காகிதம் கிழிபடும் சத்தம், கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம், கணக்குப் பொறியின் சத்தம் எனப் பலவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துச் சம நீளத்துக்கு டேப்பிலிருந்து வெட்டி, ஏழு துண்டுகளாக ஒட்டி, வளையமாக்கி ஓட்டியிருக்கிறார்கள். வளையம் நீளமாக இருந்ததால் மைக் ஸ்டாண்டைச் சுற்றி வரும்படி விட்டார்களாம். அறுந்த கேசட்டோடு யாராவது கடைக்கு வந்தால், டேப்பின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாதி பிளேடால் சாய்வாக வெட்டி, ஒலி பதியாத பக்கத்தில் செலோ டேப்பை ஒட்டி, நகத்தால் தேய்த்து, ஓரத்தில் பிதுங்கியதைச் சீவியெடுத்துப் பென்சிலால் சுற்றிக் கொடுப்பீர்களே, அதே வேலைதான் அப்பா. அந்த ஏழு துண்டும் அப்படியே பாட்டின் தாளமாகிவிட்டது. நம் மிஸ்ர சாபுபோல் ஏழு எண்ணிக்கையில் பாட்டு நடக்கும். டேவிட் கில்மோரின் கிதார் தனியாக எழும்பும் இடத்தில் மட்டும் நான்குக்கு மாறும். கையால் தட்டிப் பார்த்தால் மாறும் இடம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு பெண் குரல் வரும். சொற்களே இல்லை, ஆலாபனைபோலத் தொடங்கி, கதறலாகி, பிறகு தாலாட்டுபோலத் தணியும். சாவைப் பற்றிய பகுதி அது. கிளேர் டோரி என்ற அந்தப் பாடகிக்கு ஞாயிற்றுக்கிழமைக் கட்டணமாக 30 பவுண்டு கொடுத்தார்கள். குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் அமைத்த பின்னணி இசையின்மேல், தம் குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே கற்பனையில் பாடிவிட்டுப் போனார். அந்த மெட்டில் தமக்கும் பங்கு உண்டு என்று 2004இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு சமரசமாகி, இப்போது இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. உழைத்தவர் பெயர் விட்டுப்போகக் கூடாது. முப்பது வருடம் கழித்தானாலும் அது வந்து சேர்ந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பாடல் வரிகள் முழுவதையும் எழுதியவர் வாட்டர்ஸ். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. காலம் கைநழுவிப் போவது, பணம், சாவு, மனம் பேதலிப்பது என்று மனிதனை அழுத்துகிற விஷயங்களையே எடுத்துக்கொண்டார். குழுவின் முதல் தலைவரான சிட் பாரெட் மனம் குலைந்து 1968இல் விலக நேர்ந்த துயரம், கடைசிப் பாட்டுகளில் அடியோட்டமாக இருக்கிறது. இரண்டு வருடத்தில் திரும்பிவிடுகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்த நான் இங்கே ஒன்பதாவது குளிர்காலத்தைப் பார்க்கிறேன். கடிகாரங்கள் அடிக்கும் அந்தப் பாட்டை முதலில் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இது ஒரே ஒரு வாரம்தான் முதலிடத்தில் இருந்தது. ஆனால் 1988க்குள் மொத்தம் 741 வாரங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. அத்தனை பேரும் அவரவர் கணக்கைத்தான் இதில் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாட்டர்ஸ் சில கேள்விகளை அட்டைகளில் எழுதி, ஸ்டூடியோவில் இருந்தவர்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, அவர்கள் சொன்ன பதிலைப் பதிவு செய்தார். சாவதற்குப் பயமா, கடைசியாக எப்போது கை ஓங்கினாய், அப்போது நியாயம் உன் பக்கம் இருந்ததா என்பவைபோன்ற கேள்விகள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிகூடப் பதில் சொன்னார், அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தவர்களில் ஒருவர் ஜெர்ரி ஓ'டிரிஸ்கால், ஸ்டூடியோவின் வாயிற்காவலர், அயர்லாந்துக்காரர். நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது, உண்மையில் எல்லாமே இருட்டுதான் என்று அவர் சொல்வது, தட்டின் கடைசியில் இதயத் துடிப்புக்கு நடுவே கேட்கும். வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவரிடமும் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது, அப்பா. ஒன்பது வருடமாக நானும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். விடிந்ததும் உள்ளே போகிறவர்கள் அட்டையைக் காட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் குரல் வரும்போது என் கண் ஒவ்வொரு தடவையும் நிறைந்துவிடுகிறது.

அடுத்த மாதம் மாமா ஊருக்கு வருகிறார். தட்டை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கறுப்பு அட்டையில் முப்பட்டைக் கண்ணாடி வழியாக வெள்ளொளி நிறங்களாகப் பிரிந்து போகும் படம் போட்டிருக்கும். மூலை மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரணில் இருக்கும் நம் பிளேயருக்கு பெல்ட்டும் முள்ளும் புதிதாக மாற்றிவையுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். இரண்டாம் பக்கத்தின் பாட்டு ஓய்ந்தவுடன் முள்ளைத் தூக்கிவிட வேண்டாம். அந்தக் காவலர் அதற்குப் பிறகுதான் பேசுவார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்