பழைய வீடியோ கேம்களை மறுபடி விற்கும் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிண்டெண்டோ, ராக்ஸ்டார், சோனி, கோனாமி, இன்னும் பழைய கேம்களைப் புதிய பெட்டியில் போட்டு விற்கும் எல்லா நிறுவனத்தாருக்கும்,

கடலூரிலிருந்து வணக்கம்.

எங்களுக்கு உங்கள் மேல் விசுவாசம் உண்டு. அது உங்களுக்கும் நன்றாகத் தெரியும். அதை நம்பித்தான் பழைய சரக்கை இவ்வளவு தைரியமாக விலை ஏற்றி விற்கிறீர்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த விசுவாசத்தை வளர்த்தது நீங்கள் இல்லை.

தொண்ணூறுகளில் திருப்பாதிரிப்புலியூரிலும் பாண்டிச்சேரியிலும் எங்கள் கைக்கு வந்தவை, 1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் கருவியைக் காப்பியடித்துச் செய்த பெட்டிகள். கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது கொஞ்சம் கேம்தான்; அதையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். மேரியோவும் காண்ட்ராவும் எங்களுக்கு அறிமுகமானது அப்படித்தான். பல கேசட்டுகளில் கம்பெனி பெயரையே அழித்திருப்பார்கள். ஆக, நீங்கள் யார் என்று தெரியாமலே உங்கள் ரசிகர்கள் ஆகிவிட்டோம். காப்பியடித்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அடுத்தவர் உழைப்பைத்தான் விற்றார்கள். ஆனாலும் உங்களுக்காக இங்கே விளம்பரம் செய்தவர்கள் அவர்கள்தான், அதுவும் சம்பளம் வாங்காமல்.

அன்று ஓசியில் விளையாடிய பையன்கள் இன்று நெய்வேலியிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். காசு கொடுத்து முறையாக வாங்கலாம் என்றுதான் உங்களிடம் வருகிறார்கள். வந்தவர்களை எப்படி நடத்துகிறீர்கள்?

நிண்டெண்டோ 2016 நவம்பரில் முப்பது பழைய கேம்களை ஒரு சின்னப் பெட்டியில் அடைத்து அறுபது டாலருக்கு விற்றது. கடைக்கு வந்த உடனே தீர்ந்துபோனது. கள்ளச் சந்தையில் விலை எங்கேயோ போய்க்கொண்டிருந்தபோது, 2017 ஏப்ரலில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். அடுத்த வருடம் மறுபடி கொண்டுவந்தார்கள். சரி, கணிப்பு தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் 2020 செப்டம்பரில் மூன்று மேரியோ கேம்களைச் சேர்த்து வெளியிட்டபோது, 2021 மார்ச் 31 வரைதான் விற்போம் என்று முன்கூட்டியே நாள் குறித்தார்கள். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சரக்குக்கு எப்படி ஸ்டாக் தீரும்? இப்போது வாங்காவிட்டால் போய்விடும் என்று பதறவைப்பதற்கு மட்டுமே அந்தத் தேதி. முன்பு அவர்களின் வீ என்ற கேம் கருவியில் பழைய கேம்களைத் தனித்தனியாக விலைக்கு வாங்க முடிந்தது. பின்னால் வந்த ஸ்விட்ச் கருவியில் பெரும்பாலானவற்றுக்குச் சந்தாதான். பணம் கட்டுவதை நிறுத்தினால் மேரியோவும் நின்றுவிடுவார். இவ்வளவுக்கும் ஸ்விட்சை இந்தியாவில் முறைப்படி வெளியிடவே இல்லை. வெளிநாட்டுச் சரக்காக வாங்கியவர்கள், குச்சியில் கட்டைவிரல் படாமலே திரையில் மேரியோ தானாக நகர ஆரம்பித்தால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அப்புறம் ராக்ஸ்டார். பிரவுசிங் சென்டரில் உங்கள் ஜிடிஏ வரிசையின் வைஸ் சிட்டி ஆடாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. மிஷன் எதையும் முடிக்காமல் சீட் கோடு போட்டு டாங்கி ஓட்டியவர்கள்தான் முக்கால்வாசிப் பேர், அது வேறு கதை. 2021 நவம்பரில் மூன்று ஜிடிஏ கேம்களை மெருகேற்றி வெளியிட்டீர்கள். அதற்கு முன்பே பழைய வடிவங்களை ஆன்லைன் கடைகளிலிருந்து எடுத்துவிட்டீர்கள். புதியதில் முகங்கள் கோணல், கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை, மழை பெய்தால் எதிரே எதுவும் தெரியாது. தானே புயலைப் பார்த்த ஊர்க்காரன் சொல்கிறேன், மழை அப்படிப் பெய்யாது. பிறகு மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய வடிவங்களைத் திரும்பக் கொடுத்தீர்கள். நல்லது. ஆனால் ரசிகர்கள் கத்தாமல் இருந்திருந்தால்?

சோனிக்கும் அதே கேள்விதான். பிஎஸ்3, வீட்டா என்ற தன் பழைய கேம் கருவிகளின் ஆன்லைன் கடைகளை மூடப்போவதாக 2021இல் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில வாரங்களில் பின்வாங்கியது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். விலை அநியாயம் என்று யாராவது சொன்னால், கம்பெனிக்காரர் வாய் திறக்கும் முன்பே சண்டைக்கு வருகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன்கூட, படம் மொக்கை என்றால் இடைவேளையில் வெளியே வந்து திட்டிவிடுவான். இவர்கள் அதுகூடச் செய்வதில்லை. அந்தக் கூட்டத்தை வைத்து எங்கள் எல்லோரையும் எடைபோடாதீர்கள்.

அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் அப்போதே கடையில் கிடைக்கவில்லை. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து விளையாடக் கொடுக்கலாமா என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் கேட்டபோது, கேம் கம்பெனிகளான உங்கள் சங்கம் எதிர்த்தது. 2024இல் அனுமதி மறுக்கப்பட்டது. நீங்களும் விற்க மாட்டீர்கள், அடுத்தவரும் கொடுக்கக் கூடாது என்றால், மிச்சமிருப்பது மறுபடியும் அந்த ‘9999 இன் 1’ வழிதான். நீங்களே எங்களை அங்கே திருப்பி அனுப்புகிறீர்கள்.

ஒழுங்காகச் செய்யவும் முடியும். 2019இல் கோனாமி காண்ட்ரா தொகுப்பை வெளியிட்டது. பல பாகங்களை ஒன்றாகச் சேர்த்து, உருவான கதையைச் சொல்லும் மின்நூலையும் உள்ளேயே வைத்தார்கள். பழைய கேமைப் பழைய கேமாகவே கொடுத்தார்கள். எனக்கு அது போதும்.

கேட்பது அதிகமில்லை. பழைய வடிவத்தை எடுக்காமல் புதியதை விற்றுக்கொள்ளுங்கள். வாடகைக்கு விடுவதோடு விலைக்கும் கொடுங்கள். ரூபாயில், எங்கள் சம்பளத்துக்குத் தக்க விலை போடுங்கள். ஆன்லைன் கடையை மூடுவதாக இருந்தால், வாங்கியவர் கேமைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஒரு வழி செய்துவிட்டு மூடுங்கள். அடுத்த தொகுப்பை விற்க வரும்போது, வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எத்தனை வருடத்துக்கு என்று எழுதிவிடுங்கள். பார்த்துவிட்டு வாங்குகிறோம்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பழைய ரசிகன்