பருவ முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, ஓவியப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டையை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

அப்புறம், முடிவெட்டு பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

காதைச் சுற்றியும் பின்கழுத்திலும் மெஷின் போட்டு ஒட்ட எடுத்து, உச்சியில் மட்டும் நீளமாக விடும் ‘அண்டர்கட்’ இப்போது எல்லா வகுப்பிலும் தென்படுகிறது. கேட்டால், “சார், இது பழைய ஸ்டைல்தானே” என்கிறார்கள். உண்மைதான். 1920, 30களில் ஐரோப்பிய ஆண்களிடம் சாதாரணமாக இருந்த வெட்டு அது. 2014இல் வந்த ‘ஃபியூரி’ படத்தில், இரண்டாம் உலகப்போர் டாங்கி வீரராக நடித்த பிராட் பிட் அந்தத் தலையோடு வந்ததும் மோகம் இன்னும் வேகமெடுத்தது. பக்கவாட்டில் குட்டையாக வெட்டுவதில் எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. சொல்லப்போனால், காது தெரிய வெட்டுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டு வருவதே நாங்கள்தான்!

சிக்கல் உச்சியில் இருக்கிறது. முன்முடி கண்ணில் விழ, பாடவேளை முழுக்க ஒரு கை அதை ஒதுக்கிக்கொண்டே இருக்கிறது. சிலர் பக்கவாட்டில் பிளேடால் கோடு போட்டு, புருவத்தையும் கீறிக்கொண்டு வருகிறார்கள். பலருக்குப் போட்ட பிளேடும் சுத்தம் செய்யாத மெஷினும் படை போன்ற தொற்றைக் கொண்டுவரலாம்.

எனவே, முன்முடி கண்ணை மறைக்கக் கூடாது. கோடு, சாயம், புருவக் கீறல் கூடாது. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது. மீறினால் பெற்றோரை நேரில் அழைப்போம். அதற்காக எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்த மாட்டோம், எந்த ஆசிரியரும் கத்தரிக்கோல் எடுக்க மாட்டார்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் போட்ட கோடு மறைய வாரக்கணக்காகும். ஆகவே சலூனுக்கு ஒருமுறை நீங்களும் கூடப் போனால் நல்லது.

பதின்வயதுப் பிள்ளையிடம் தலைமுடி பற்றிப் பேசுவது லேசான காரியம் இல்லை என்று தெரியும். ஏற்கெனவே பேசிச் சரிசெய்த பெற்றோருக்கும், இனிப் பேசப்போகும் பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்