வெயிலுக்குள் போகாதே என்று சொன்னவள் எழுதுவது

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு வீடியோவில் கதைக்கும்போது, நீ கதிரையிலிருந்து எழும்ப மேசையைப் பிடித்ததைக் கவனித்தேன். கேட்டதற்கு, "வேலைக் களைப்பு அம்மா, படியேறினால் தொடை உளையுது" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஒழுங்கை அக்காவை நினைவிருக்கும்தானே. 2009இல் தலையில் செல் துண்டு பட்டதிலிருந்து வலிப்புக்குப் பினைட்டோயின் போடுகிறவ. மாசியில் கிணற்றடியில் வழுக்கிச் சும்மா இருந்தமாதிரித்தான் விழுந்தவ, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கிளினிக்குக்குத் துணைக்குப் போனது நான்தான். வைத்தியர் பொறுமையான பிள்ளை, கடதாசித் துண்டில் கீறியே காட்டினார்.

வெயில் பட்டுத் தோலில் உண்டாகிற வைட்டமின் டி, ஈரலுக்கும் பிறகு சிறுநீரகத்துக்கும் போய்த்தான் உடம்புக்கு உதவுகிற உருவத்துக்கு வருமாம். பினைட்டோயின், பினோபார்பிட்டோன், உன் வலிப்புக்கு நீ போடுகிற கார்பமசெப்பின் எல்லாம் ஈரலில் நொதியங்களை, அதுதான் என்சைம்களை, கூட்டிவிடும். மருந்தைக் கழிக்கப் பெருகிய நொதியங்கள் வைட்டமின் டியையும் சேர்த்துக் கழித்துவிடும். களை பிடுங்க விட்ட ஆட்கள் நெல்லையும் பிடுங்கின கதைதான். பிறகு சாப்பாட்டிலுள்ள கல்சியம் குடலில் சரியாக ஊறாது. இரத்தத்தில் கல்சியம் குறைய, கழுத்துக்குள் இருக்கிற சின்னச் சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லும். வருடக்கணக்கில் எடுத்தால் என்ன மிஞ்சும்? வல்புரோயேற் என்கிற இன்னொரு வலிப்புக் குளிசை இந்த வழியால் செய்யாதாம், ஆனால் அதுவும் எலும்புக்கு முழு நல்லபிள்ளை இல்லையாம்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உன்னுடைய ஏழு வயதுதான் ஞாபகம் வந்தது. வெயில் பட்டால் வலிப்பு வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, உன்னை விறாந்தைத் தூணுக்கு அங்கால் விடாமல் வைத்திருந்தேன். மற்றப் பிள்ளைகள் குளக்கட்டில் ஓட, நீ தூணைக் கட்டிப்பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்பாய். இந்த வன்னி வெயிலை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு! இப்போது ஒஸ்லோவில் பனிக்காலம் முழுக்க வெயில் இருந்தும் இல்லாத மாதிரி. எங்கள் கறுத்தத் தோலுக்கு இன்னும் கூட நேரம் வேண்டுமாம்.

இதைப் படித்துவிட்டுக் குளிசையை மட்டும் நிறுத்திப்போடாதே. திடீரென்று விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வரும், உயிருக்கே ஆபத்து. உன் வைத்தியரிடம் போய், இத்தனை வருடமாக இந்தக் குளிசை போடுகிறேன், தொடை உளைகிறது என்று சொல்லு. வைட்டமின் டி, கல்சியம், எலும்பு பழுதானால் கூடுகிற அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியம், மூன்றையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லு. இங்கே வைட்டமின் டி ஒரு மில்லிலீற்றருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்கிறார்கள், அக்காவுக்கு 9. அங்கே ஒரு லீற்றருக்கு இத்தனை நானோமோல் என்று எழுதுவார்களாம், அதில் 50தான் அந்த 20. குறைந்திருந்தால் எவ்வளவு போடவேண்டும் என்பதை வைத்தியரே சொல்லட்டும். உன்னைப் போன்றவர்களுக்குச் சிலவேளை மற்றவர்களைவிடக் கூடத் தேவைப்படும். அதற்காகக் கடையில் வாங்கி நீயாக அள்ளிப் போடாதே, கூடினாலும் கெடுதல்தான்.

நெத்தலிக் கருவாடு வேண்டாம் என்கிறாய், சரி. குரக்கன் மா அனுப்புகிறேன், கூழ் காய்ச்சு.

ரிசல்ட் வந்த அன்றே எண்ணை அனுப்பு. நானோகிராமா நானோமோலா என்பதையும் மறக்காமல் எழுது.

அம்மா,
புதுக்குடியிருப்பு