டை-டைக்கு வினிகர் வேண்டாம்

ஆசிரியருக்கு,

1960களின் சைகடெலிக் ராக் இசையோடு பரவிய, துணியை முறுக்கிக் கட்டிச் சாயமிடும் டை-டை சட்டைகளைப் பற்றி எழுதுவோர் பலர், சாயம் நிற்க வினிகரில் ஊற வைக்கச் சொல்கிறார்கள். பருத்திக்கு அது தவறு. 1969 வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் அமெரிக்கப் பாடகர் ஜான் செபாஸ்டியன் அணிந்த ஜாக்கெட் போன்ற வண்ணங்களுக்கு இன்று புரோசியான் வகை ரியாக்டிவ் சாயமே (இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டும் சாயம்) ஏற்றது. அது இழையோடு பிணையக் காரம் வேண்டும், வினிகரோ அமிலம்.

லிட்டருக்கு 50 கிராம் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட் என்ற காரம்) கரைத்த நீரில் துணியை 15 நிமிடம் ஊற வைத்துப் பிழிந்து, முறுக்கிக் கட்டி, சாயத்தை ஊற்றுங்கள். கையுறை அவசியம். பிளாஸ்டிக் உறையில் 24 மணி நேரம் ஈரம் காயாமல் இருக்கட்டும். காய்ந்தால் வினை நின்று நிறம் வெளிறும். கட்டை அவிழ்க்குமுன் குளிர்நீரில் நன்றாக அலசுங்கள், இல்லையேல் வெள்ளைப் பகுதியில் சாயம் ஏறிவிடும். பிறகு வெந்நீர். பாலியஸ்டரில் இந்தச் சாயம் பிடிக்கவே பிடிக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்