ஓசியில் உலகம் சுற்றினோமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மெல்லிசைக் குழுக்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். எங்களைப் போன்றவர்களை நினைத்துப் பார்த்ததற்கு நன்றி. ஆனால், பிரபல பாடகர்களுடன் சென்ற வாத்தியக்காரர்கள் கைக்காசு செலவில்லாமல் உலகம் சுற்றிவிட்டார்கள் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கிறது. கட்டுரையாளர் அதைப் பாராட்டாகத்தான் எழுதியிருப்பார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. கட்டுரையுடன் வந்த படத்தில் பாடகர்களுக்கெல்லாம் பெயர் போட்டு, பின்வரிசைக்குக் 'குழுவினர்' என்று ஒரே சொல்லில் கணக்கு முடித்திருக்கிறீர்கள். அந்தக் குழுவினரில் ஒருவன் எழுதும் கடிதம் இது.

நான் தாளவாத்தியக்காரன். தபலா, டோலக், மிருதங்கம், கஞ்சிரா, உடுக்கை என்று எதைக் கொடுத்தாலும் வாசிப்பேன். கோடம்பாக்கத்தில் பாட்டு ரிக்கார்டிங்கில் பிழைத்தவன். தென்னிந்தியத் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பாடுபட்டதன் பலனை அனுபவித்த தலைமுறை எங்களுடையது. கால்ஷீட் இவ்வளவு, நேரம் மீறினால் இவ்வளவு என்று ரிக்கார்டிங் தியேட்டரில் ஒரு கணக்கு இருந்தது. பிறகு கீபோர்டும் கணினியும் வந்தன. முப்பது வயலின் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்தார். தபலாவும் டோலக்கும் பொத்தானுக்குள் போயின. எங்களுக்கு மிஞ்சியது மேடைதான். மேடை என்றால் வெளிநாட்டு மேடை, ஏனென்றால் சம்பளம் அங்கேதான் இருந்தது.

அந்த மேடையை யார் போட்டார்கள் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்கள் டொராண்டோ, லண்டன், பாரீஸ், சூரிச், ஒஸ்லோ என்று போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் டிக்கெட் வாங்கியதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஹோட்டலுக்குப் பணம் போதாத நிகழ்ச்சிகளில் அவர்கள் வீடுகளிலேயே எங்களைத் தங்கவைப்பார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் நிலவறையில் நாங்கள் நாலு பேர் படுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வருவார். உடுப்பைக்கூட மாற்றாமல் எங்களுக்குப் புட்டும் சம்பலும் எடுத்துவைத்துவிட்டு, "சாப்பிடுங்கோ அண்ணை" என்று பக்கத்திலேயே நிற்பார். யாழ்ப்பாணத்தில் வானொலியில் கேட்ட பழைய பாட்டு ஒன்றைச் சொல்லி, அதில் வரும் தபலாவை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்வார். பாடகரின் குரல் இல்லாமல் தபலாவை மட்டும் கேட்ட ரசிகர்களை நான் அந்த ஊர்களில்தான் பார்த்தேன்.

இனி உலகம் சுற்றிய கதைக்கு வருகிறேன். நான் பார்த்த உலகத்தின் பெரும்பகுதி விமான நிலையங்களில் பெட்டி வரும் பட்டைக்கு அருகே இருந்தது. பாடகர் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விடுவார். அவருடைய வாத்தியம் தொண்டைக்குள் இருக்கிறது. எங்களுக்கு அப்படியா? திரைப்பாட்டுக் கச்சேரியில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும். ஒரே தபலாவை வைத்துக்கொண்டு இரவு முழுக்க வாசிக்க முடியாது. சுருதிக்கு ஒன்றாக ஐந்தாறு வேண்டும். அதோடு டோலக், மிருதங்கம். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பார்கள். மிருதங்கத்தை அதற்கான கெட்டிப் பெட்டியில் வைத்தாலே பாதிக் கணக்கு தீர்ந்துவிடும். எங்கள் துணிமணி, ஊறுகாய், பிள்ளைகளுக்கு வாங்கிய சாக்லேட் எல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில் நுழைய வேண்டும்.

கடக்காரர் பாடு இன்னும் மோசம். மானாமதுரைக் கடத்தைச் சரக்கோடு அனுப்ப அவருக்கு மனம் வராது. மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். விமானம் கிளம்பும்போது எதையும் மடியில் வைக்கக் கூடாது என்று பணிப்பெண் சொல்வார். இது பானை அல்ல, வாத்தியம் என்று விளக்க வேண்டும். விளக்கினால் வாசித்துக் காட்டுங்கள் என்பார்கள். விக்கு விநாயக்ராம் எழுபதுகளில் 'சக்தி' என்ற இந்திய, மேற்கத்தியக் கலப்பிசைக் குழுவோடு இந்தக் கடத்தை உலக மேடைகளில் வாசித்தவர். அவருக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லி மேடையில் மரியாதை கிடைத்தது. விமான நிலையத்தில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கக் கல்லும் கட்டையும் வேண்டும். மறந்துபோய்க் கைப்பையில் வைத்துவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் அந்தக் கல்லை எடுத்து மேசைமேல் வைத்து, எதற்கு என்று கேட்பார்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்ட ரவை வேண்டும்; வெள்ளைப் பொடிப் பொட்டலத்தைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கார்பரோவிலோ லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ ரவைக்குக் கவலை இல்லை. மற்ற ஊர்களில் கச்சேரி அன்று மாலை ரவை தேடி அலைந்திருக்கிறோம்.

குளிர் நாட்டில் தோல் சொன்ன பேச்சைக் கேட்காது. வெளியே பனி, அரங்குக்குள்ளே சூடேற்றிய வறண்ட காற்று. தோல் இறுகிச் சுருதி மேலே ஏறிக்கொண்டே போகும். அதே வாத்தியத்தை அடுத்த வாரம் சிங்கப்பூரில் எடுத்தால் புழுக்கத்தில் தொய்ந்து கிடக்கும். ஒலிச் சோதனைக்கு எங்களை மட்டும் நாலு மணி நேரம் முன்னால் கூப்பிடுவது இதனால்தான். பாடகர்கள் ஊரைப் பார்க்கப் போகும் நேரம் அது. நயாகரா அருவியைப் பற்றிக் கேட்டால் அது டொராண்டோவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம் என்பது எனக்குத் தெரியும்.

சுங்கம் தனிக் கதை. ஆஸ்திரேலியாவில் பதனிடாத தோல் கட்டிய எந்த வாத்தியத்தையும் அறிவிக்க வேண்டும். பூச்சி, கிருமி ஏதும் வந்துவிடக் கூடாது என்று பிரித்துப் பார்ப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கஞ்சிராவுக்குப் பரம்பரையாகக் கட்டுவது உடும்புத் தோல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தத் தோலோடு எல்லை தாண்டுவது குற்றம். ஆகவே என் கஞ்சிரா வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ கட்டியதைத்தான் கொண்டுபோவேன். நாதம் குறைவுதான், நிம்மதி அதிகம். 2017 ஜனவரியில் ஈட்டி மர வகைகள் எல்லாம் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிதார்க்காரர்களும் எங்கள் வரிசைக்கு வந்து நின்றார்கள். முழுதாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது 2019 நவம்பரில். இடையிலிருந்த அந்தக் காலத்தில் எந்த மரத்தில் செய்த கிதார் என்று சொல்லத் தெரியாமல் விழித்தவர்களை நான் அறிவேன்.

வாத்தியங்களைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர 'ஏ.டி.ஏ. கார்னே' என்று ஒரு பத்திரம் இருக்கிறது. நம் நாட்டில் ஃபிக்கி என்ற வணிக, தொழில் கூட்டமைப்பு அதை வழங்குகிறது. ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பொருளையும் மதிப்போடு எழுதிப் போகும்போதும் வரும்போதும் முத்திரை வாங்க வேண்டும். பெரிய நட்சத்திர நிகழ்ச்சிகளுக்கு இதை ஆள் வைத்துச் செய்துவிடுவார்கள். சிறு குழுக்களில் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பட்டியலில் வரிசை எண் கேட்பார்கள். கீபோர்டுக்கு அடியில் எண் இருக்கும். பலா மரத்தைக் குடைந்து செய்த மிருதங்கத்தில் எங்கே தேடுவது? நாங்களே ஓர் எண் வைத்துக்கொள்வோம்.

பாஸ்போர்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களில் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். பன்னிரண்டு வயதில் குருவின் வீட்டுக்குப் போனவர்கள் எப்படி முடித்திருப்பார்கள்? அத்தகையவர்கள் மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ வேலைக்குப் போனால் நம் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் வழியாக வந்த விதி. ஏமாற்றுக்காரத் தரகர்களிடமிருந்து தொழிலாளிகளைக் காப்பதற்காக வந்தது. நாங்கள் தொழிலாளிகளா, கலைஞர்களா, சுற்றுலாப் பயணிகளா என்பது கவுன்டருக்குக் கவுன்டர் மாறும். அமெரிக்கா இதில் தெளிவு. தனிப் பண்பாட்டுக் கலைகளுக்கென்றே பி-3 என்று ஒரு விசா வைத்திருக்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போது அந்த நாட்டுத் தொழிற்சங்கத்தின் கருத்தையும் கேட்டு இணைக்க வேண்டும். நான் வாசிக்கப் போவதைப் பற்றி அங்கே ஒரு சங்கம் கருத்துச் சொல்கிறது. இங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுத்ததில்லை.

இதைச் சொல்லத்தான் கடிதம் எழுதத் தொடங்கினேன். ரிக்கார்டிங் தியேட்டரில் இருந்த கணக்கு, விமானம் ஏறியதும் காணாமல் போய்விடும். எல்லாம் வாய்ப்பேச்சு. "வாங்க, பார்த்துச் செய்கிறேன்." எத்தனை நிகழ்ச்சி, எத்தனை ஒத்திகை, நிகழ்ச்சி ரத்தானால் என்ன, வாத்தியம் உடைந்தால் யார் பொறுப்பு, காய்ச்சல் வந்தால் மருத்துவச் செலவு யாருடையது, ஒன்றும் எழுத்தில் இருக்காது. காகித டிக்கெட் காலத்தில் ஓர் ஐரோப்பிய நகரத்தில் கூட்டம் சேரவில்லை. மறுநாள் காலை அமைப்பாளரைக் காணோம். எங்கள் திரும்பும் டிக்கெட்டுகள் அவர் பையில். விசா முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் காசு சேர்த்து எங்களை அனுப்பிவைத்தார்கள். சம்பளத்தைப் பற்றி நான் பிறகு கேட்கவில்லை. யாரிடம் கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது?

பழைய நாடகக் கம்பெனிகள் கப்பலில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கொழும்பு மேடையில் சேர்ந்ததை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்தக் கப்பல்களில் மத்தளத்தையும் திரைச்சீலையையும் ஏற்றி இறக்கியவர்களை எழுதியவர் அரிது. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்று மிருதங்கம் வாசித்த டி.கே. மூர்த்தியின் பெயரை உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? அவ்வளவு பெரிய வித்வானுக்கே இந்த நிலை என்றால், எங்கள் பெயர் படத்துக்குக் கீழே இல்லாமல் போனதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஒப்பந்தத்தில் இல்லாமல் போனதுதான் வயிற்றில் அடித்தது.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்று என்னிடம் படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். டிக்கெட் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது, முன்பணம் வங்கியில் விழுகிறது. ஆனால் நிபந்தனைகள் வாட்ஸ்அப் குரல் செய்தியில்தான் வருகின்றன. குரல் செய்தியும் வாய்ப்பேச்சுதானே.

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமோ கலை பண்பாட்டுத் துறையோ இரண்டு காரியம் செய்தால் போதும். வெளிநாடு செல்லும் பக்கவாத்தியக்காரருக்கும் ஒலி, ஒளி அமைப்பாளருக்கும் தமிழில் இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தம் ஒன்று வெளியிட வேண்டும். சம்பளம், தங்குமிடம், காப்பீடு, வாத்தியச் சேதம், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றுக்கு அதில் இடம் விட்டிருந்தால் மிச்சத்தை நாங்கள் நிரப்பிக்கொள்வோம். இரண்டாவது, எந்த நாட்டுக்கு எந்த வாத்தியத்தோடு போக என்ன பத்திரம் வேண்டும் என்று ஒரு சிறு கையேடு. அது தமிழில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும். விதிகள் நான் மேலே சொன்ன வேகத்தில் மாறுகின்றன. கலைமாமணி விருது கேட்கவில்லை. ஓய்வூதியத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அந்தக் கையேட்டுக்குத் தேவையான விவரம் எங்களிடம் இருக்கிறது. கிதார், கடம், கீபோர்டு, ஒலி அமைப்பு என்று நாலைந்து பழைய ஆட்கள் இந்தப் பகுதியிலேயே இருக்கிறோம். அதிகாரிகள் கூப்பிட்டால் எங்கள் பழைய பட்டியல்களோடு வருகிறோம். மாலை வகுப்பு ஐந்து மணிக்குத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் என்றால் வசதி.

இப்படிக்கு,
தாளவாத்தியக் கலைஞர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)